அல்லியைத் தத்தெடுத்தவர்

தபால்காரர் வந்தபோது ராஜாம்பாள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வாடகைக்கு எடுத்து நடத்தும் மாவு மில் அது. மெஷின் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அவர் உறையை ஆட்டிக் காட்டி, தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். நீளமான வெள்ளை உறை. மூலையில் பச்சை முத்திரை, ஒரு மானும் ஒரு மரமும். கரடிக்குட்டை உயிரியல் பூங்கா. அவள் புருஷன் அரிகிருஷ்ணன் பத்தொன்பது வருஷம் விலங்குக் காப்பாளராக வேலை பார்த்த இடம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் செத்துப்போனதும் அங்கேதான்.

முகவரியில் மகள் கலையரசியின் பெயர் இருந்தது. அவர் போன பிறகு ஆபீஸ் காகிதங்கள் எல்லாம் மகள் பெயருக்குத்தான் வரும். ஏதோ பென்ஷன் விஷயம் என்று நினைத்து ராஜாம்பாள் ஓரத்தைக் கிழித்தாள்.

'எமது பூங்காவின் விலங்கு தத்தெடுப்புத் திட்டத்தின் கீழ், அல்லி என்னும் பெண் கரடியின் உணவு மற்றும் பராமரிப்புப் பொறுப்பை இரண்டாம் ஆண்டாகவும் தாங்கள் ஏற்றுக்கொண்டமைக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.'

படித்தாள். ஒன்றும் புரியவில்லை. மறுபடி படித்தாள். கடிதத்துக்குப் பின்னால் தடித்த அட்டையில் ஒரு சான்றிதழ் இருந்தது. சுற்றிலும் பூவேலைப்பாடு, நடுவில் ஒரு வண்ணப் படம். கறுப்பு ரோமம் சிலிர்த்து நிற்க, நெஞ்சில் வெள்ளை வளைவோடு ஒரு கரடி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில், 'தத்தெடுத்தவர்: செல்வி அ. கலையரசி'.

"ராஜாம்பா! மெஷினு காலியா ஓடுது பாரு, தீயற நாத்தம் வருது!" வரிசையில் டப்பாவோடு நின்ற பாக்யலட்சுமி கத்தினாள்.

ராஜாம்பாள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாளே தவிர நகரவில்லை. கடைசியில் பாக்யலட்சுமியே உள்ளே வந்து சுவிட்சை அணைத்தாள். மெஷின் நின்றதும் வந்த அமைதியில், "யாருக்கு என்னா ஆச்சு?" என்று அவள் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சாயந்தரம் வந்து மாவ வாங்கிக்கோங்க."

சாயந்தரம் மில் திறக்கவில்லை.

அரிகிருஷ்ணன் செத்தது ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில். கரடிக் கூண்டில் இரண்டு அறைகள். கழுவும்போது கரடியை ஓர் அறையில் விட்டு, நடுவில் உள்ள இரும்புக் கதவை மேலிருந்து இறக்கிவிடுவார்கள். அன்று அவர் உள்ளே கழுவிக்கொண்டிருக்கும்போது கரடி எப்படியோ இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதே மான் முத்திரையோடு இரண்டு மாதம் கழித்து ஒரு விசாரணை அறிக்கை வந்தது. 'பணியாளரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.' பெற்றுக்கொண்டதாக ராஜாம்பாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் கரடியைக் குட்டியாகக் கிணற்றிலிருந்து மீட்டு எடுத்துவந்தபோது புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் அரிகிருஷ்ணன். அல்லி என்று பெயர் வைத்ததும் அவர்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அல்லி இதைத் தின்றது, அல்லி அதை உடைத்தது என்றே பேசிக்கொண்டிருப்பார். அவர் போன பிறகு அந்த வீட்டில் கரடி என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. டிவியில் காட்டைக் காட்டினால்கூட ராஜாம்பாள் எழுந்து அணைத்துவிடுவாள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மாத்திரை பேக்கிங் செய்யும் கம்பெனி ஒன்றில் கலையரசிக்கு வேலை. ஆறே காலுக்குக் கம்பெனி வேன் அவளை இறக்கிவிடும். அன்றும் அதே நேரத்துக்கு வந்தாள்.

"என்னாம்மா, மில்லு பூட்டிக் கெடக்கு? ஒடம்பு சரியில்லியா?"

ராஜாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உறையை நீட்டினாள். கிழிந்த ஓரத்தைப் பார்த்ததுமே கலையரசிக்குப் புரிந்துவிட்டது. தோளிலிருந்து பையை மெதுவாக இறக்கி வைத்தாள்.

"வேற யாரோ கலையரசி, அட்ரஸ் மாறி வந்துடுச்சுன்னு சொல்லு," என்றாள் ராஜாம்பாள். "நான் நம்பிடறேன்."

"இல்லம்மா. நான்தான்."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா."

"எதுக்கு சோறு போடறன்னு தெரிஞ்சுதான் போடறியா? ஒங்கப்பன கொன்ன வாய்க்குடி!"

எழுந்த வேகத்தில் கை தானாக மகளின் கன்னத்துக்குப் போனது. மகளை அடித்துப் பத்து வருஷமாவது இருக்கும். அடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் ராஜாம்பாள் மறுபடி உட்கார்ந்து அதை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். கலையரசி கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

"நேர்ல போயும் பாத்திருக்கேம்மா. நாலு தடவ."

"எப்போ?"

"ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போன ஞாயித்துக்கெழமைங்க."

அந்த ஞாயிறுகள் ராஜாம்பாளுக்கு நினைவில் இருந்தன. லீவு நாளில்கூட வேலை வாங்குகிறார்களே என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அந்தச் சாதத்தை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள்? அந்தக் கரடியின் எதிரிலா?

"மொத வருஷம் சும்மாதான் போனேன்," என்றாள் கலையரசி. "அப்பா வேல செஞ்ச எடத்த ஒருவாட்டி பாத்துட்டு வந்துடலாம்னு. வாசல்ல பெரிய போர்டு வச்சிருக்காங்கம்மா. எந்தெந்த மிருகத்த யார் யார் தத்தெடுத்திருக்காங்கன்னு பேரு போட்டு. மயிலுக்குக்கூட ஆளு இருக்கு. இதுக்கு நேரா மட்டும் காலி. ஆளக் கொன்ன கரடின்னு யாரும் எடுக்கலியாம். முன்னாடி எடுத்திருந்த ஸ்கூல்காரங்களும் வேணான்னுட்டாங்களாம்."

"அது அப்படியே காலியா கெடந்து செத்துத் தொலையட்டும்னு வுட வேண்டியதுதான? உனக்கென்னாடி?"

கலையரசி தரையில் உட்கார்ந்துவிட்டாள். யூனிபார்ம் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு வியாழக்கிழமைம்மா. சனிக்கிழமை எனக்கு பாலிடெக்னிக்ல சர்டிபிகேட் குடுக்கற விழா. அப்பா கண்டிப்பா வரேன்னு சொல்லியிருந்தாரு."

"அதுக்கென்னா இப்ப?"

"காலைல நான் போன் பண்ணேன். நீ மில்லுக்குப் போயிட்ட. அல்லிக்குக் காய்ச்சல், வர முடியாது பாப்பான்னாரு. எனக்கு ஆத்திரம் தாங்கல. ஒனக்கு அதுதான் பொண்ணு, அதுகூடயே இரு, இங்க வராதன்னு கத்திட்டேன். அவரு ஏதோ சொல்ல வந்தாரு. கட் பண்ணிட்டேன். அப்போ மணி எட்டே முக்கால். பத்து மணிக்கு அங்கேர்ந்து போன் வந்துச்சு."

ராஜாம்பாள் மகளையே பார்த்தாள். தான் பெற்ற முகம்தான். ஆனால் இத்தனை நாள் இதற்குப் பின்னால் இப்படி ஒன்று இருந்தது தெரியாமல் இந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து மூன்று வருஷம் சாப்பிட்டிருக்கிறாள்.

"கவனக்குறைவுன்னு ரிப்போர்ட் வந்துச்சே, அது நான்தாம்மா. மனசு ஒடைஞ்சு உள்ள போயிருக்காரு. கதவ சரியா பாத்திருக்க மாட்டாரு. அந்தக் கரடி ஒண்ணும் பண்ணல. அதுகூடயே இருன்னு நான் சொன்னேன், இருந்துட்டாரு. இப்போ அதுக்குன்னு யாரும் இல்லன்னா நான்தான பாக்கணும்?"

ஏதாவது சொல்ல வேண்டும் என்று ராஜாம்பாளுக்குத் தெரிந்தது. 'உன்னால இல்லடி' என்ற இரண்டு சொல் போதும். ஆனால் அது உண்மைதானா என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே மகள் நெடுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கலையரசி எழுந்திருப்பதற்குள் ராஜாம்பாள் புறப்பட்டுவிட்டாள். விழுப்புரம் போய் அங்கிருந்து இன்னொரு பஸ். மொத்தம் மூன்றரை மணி நேரம். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெளிவாக இருந்தது ஒன்றுதான்: அந்தப் போர்டிலிருந்து மகளின் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். அது எடுபட்டால் மற்றதும் எடுபட்டுவிடும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை.

பூங்கா வாசலில் ஒன்பதரைக்கு இறங்கினாள். எல்லோரையும் போல டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கலையரசி சொன்ன போர்டு நுழைந்ததுமே இருந்தது. யானையை ஒரு நகைக்கடை எடுத்திருந்தது. முதலைகளை ஒரு பல் டாக்டர் எடுத்திருந்தார். நான்காவது வரிசையில், 'கரடி (அல்லி): அ. கலையரசி, த/பெ அமரர் அரிகிருஷ்ணன், புதுச்சேரி.'

அவர் பெயரும் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கரடியின் பெயரும் புருஷனின் பெயரும் ஒரே வரியில். பின்னால் வந்த குடும்பம் ஒன்று, "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, போட்டோ எடுக்கணும்" என்றது. தள்ளி நின்றாள்.

"அண்ணி?"

திரும்பினாள். காக்கிச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. ஐம்பதை நெருங்கிய ஆள், தலை முழுவதும் நரைத்திருந்தது. தமிழ்மாறன். அரிகிருஷ்ணனோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டியில் கூடவே வந்து, வாசலில் விழுந்து அழுதவர். அதன் பிறகு ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"எம் பொண்ணு பேர அந்தப் போர்டுலேர்ந்து எடுக்கணும். யாரப் பாக்கணும்?"

"மேடம் பத்தரைக்குத்தான் வருவாங்க, அண்ணி. வந்து ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"அது எங்க இருக்கு?"

எது என்று தமிழ்மாறன் கேட்கவில்லை. முன்னால் நடந்தார்.

கரடியின் அடைப்பு பூங்காவின் கோடியில் இருந்தது. பள்ளம், அதற்கு அப்பால் பாறைகள், ஒரு வேப்பமரம். பின்பக்கம் கூண்டு அறைகள். தமிழ்மாறன் அவளைக் கம்பி வலைக்கு இப்பாலேயே நிறுத்தினார். வாளியில் கேழ்வரகுக் களி உருண்டைகளும் வாழைப்பழமும் இருந்தன. வாளியின் கைப்பிடி கிணுங்கியதும் உள்ளே ஏதோ புரண்டது.

வந்தது. ராஜாம்பாள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். அத்தனை பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. விரலளவு நீளத்தில் நகங்கள், வெள்ளையாக, வளைந்து. அந்த நகங்களைப் பார்த்த பிறகு அவளால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் போர்த்தியிருந்த துணியை ஒதுக்கிக் காட்டியபோது பார்த்தது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கரடி ஓர் உருண்டையைத் தின்றது. பிறகு சுவரோரம் உட்கார்ந்து தன் பாதத்தை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது. தேனீ கூட்டமாகப் பறப்பது போல ஒரு முனகல் அதனிடமிருந்து தொடர்ந்து வந்தது.

"குட்டிலேர்ந்து அப்படித்தான்," என்றார் தமிழ்மாறன். "அண்ணன் மடியில வச்சிருக்கும்போது அவரு வெரல சப்பும்."

"அதெல்லாம் எங்கிட்ட சொல்லாதீங்க."

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"பாப்பா இங்க வருது, அண்ணி. தெரியுமா ஒங்களுக்கு? அதோ அந்த பெஞ்சில ரெண்டு மணி நேரம் ஒக்காந்து இதையே பாக்கும். யார்கிட்டயும் பேசாது. போனவாட்டி எங்கிட்ட ஒண்ணு கேட்டுது. 'அங்கிள், எங்கப்பா அன்னைக்கு அழுதுக்கிட்டா உள்ள போனாரு?'ன்னு."

ராஜாம்பாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்னா சொன்னீங்க?"

"தெரியலம்மான்னுட்டேன்."

"நீங்க கூடத்தான இருந்தீங்க? எப்படித் தெரியாம போவும்?"

தமிழ்மாறன் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அழல அண்ணி. சிரிச்சாரு. போன் பேசிட்டு நேரா எங்கிட்டதான் வந்தாரு. 'எம் பொண்ணு என்ன வீட்ட வுட்டே தள்ளி வச்சிட்டாடா தமிழு, கரடியோடயே இருக்கணுமாம்'னு சொல்லிச் சிரிச்சாரு. ஒக்காந்து டீ குடிச்சோம். 'அவ சொல்றது நாயந்தான். காய்ச்சலுக்கு நீ மருந்து குடுத்துக்கோ. நான் பன்னெண்டு மணி பஸ்ஸப் புடிச்சா பொழுது சாயறதுக்குள்ள வீட்ல போய் நின்னுடுவேன், சொல்லாம போய் நிக்கணும்'னாரு. கூண்ட மட்டும் கழுவிட்டு ஓடறேன்னு எழுந்தாரு."

"வரதா இருந்தாரா?"

"பையக்கூட எடுத்து வச்சிட்டாரு, அண்ணி."

கரடியின் முனகல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"நடுக்கதவ எறக்கிட்டு ஒரு இரும்புப் பின் போடணும். போடலன்னா அது நகத்த வுட்டுத் தூக்கிடும். அண்ணன் எப்பவும் அவரே போட்டு, ரெண்டுவாட்டி இழுத்துப் பாத்துட்டுத்தான் உள்ள போவாரு. பன்னெண்டு வருஷத்துல ஒருநாள்கூட தவறுனதில்ல." அவர் செருப்பு நுனியை மண்ணில் தேய்த்தார். "அன்னைக்கு அவசரமா இருந்தாரா, நான்தான் சொன்னேன். நீங்க பைப்ப எடுத்துக்கினு போங்கண்ணே, அந்த இரும்புப் பின்ன நான் போடறேன்னு."

அடுத்து வரப்போவது தெரிந்தும் ராஜாம்பாள் கேட்டாள். "போட்டியா?"

"மருந்து வந்திருக்கு, கையெழுத்துப் போடுன்னு வாட்ச்மேன் கூப்புட்டான். கையெழுத்துப் போட்டுட்டு வந்து அந்தப் பின்ன மாட்டிக்கலாம்னு போனேன். ரெண்டு நிமிஷம்தான், அண்ணி. பைப்ப தொறந்த சத்தத்துல அது பயந்து கதவத் தூக்கிடுச்சு. நான் ஓடியாரதுக்குள்ள..."

"அவருதான் கவனக்குறைவுன்னு எழுதுனாங்களே."

"நான்தான் அன்னைக்கே அப்படி எழுதிக் குடுத்தேன். அவரு பின்ன போடாம போயிட்டாருன்னு."

எங்கோ ஒரு மயில் அகவியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகப் போகும் சத்தம் கேட்டது. ராஜாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டே சரிந்து மண்ணில் உட்கார்ந்தாள். தமிழ்மாறன் பதறி எழுந்து கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்தாள். பின் போடாத கை.

"தொடாத."

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"தப்ப செத்தவர் பேருல எழுதிட்டு வந்து, எங்க வாசல்ல வுழுந்து அழுதியே. நான் உனக்கு மோர் கரைச்சுக் குடுத்தேன். குடிச்சியே."

"அண்ணி..."

"எம் பொண்ணு மூணு வருஷமா என்னா நெனச்சிக்கினு இருக்கா தெரியுமா? அவ பேசுனதாலதான் அப்பன் செத்தாருன்னு. அதுக்குத்தான் இந்தக் கரடிக்குச் சோறு போடறா. உங்கிட்ட வந்து கேட்டாளே, அப்பக்கூட உனக்கு வாய் வரலியே!"

அவர் ஏதோ சொன்னார். இரண்டு பிள்ளைகள், வேலை போய்விடும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனது. எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து மகளை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாத்திரை பேக்கிங் லைனில் நிற்கும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் எடுப்பார்கள். அப்போது மணி பத்தே கால்.

"அவ பேசற வரைக்கும் நீ இங்கேர்ந்து நவுரக் கூடாது," என்றாள்.

தமிழ்மாறன் நகரவில்லை. இரண்டேகால் மணி நேரம் அவர் பெஞ்சில், அவள் எதிரில் ஒரு கல்லில். நடுவில் யாரோ வந்து அவரைக் கூப்பிட்டதற்கு வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். அந்த நேரத்தில் ராஜாம்பாள் ஒன்றையே திருப்பித் திருப்பி யோசித்தாள். பின் போடாதது தமிழ்மாறன். அதில் மகளுக்குப் பங்கில்லை. ஆனால் அரிகிருஷ்ணன் அவசரப்பட்டது எதனால்? பன்னிரண்டு மணி பஸ்ஸால். அந்தப் பஸ் மகள் கத்தியதால். அந்தப் பாதியை மட்டும் விட்டுவிடச் சொன்னால் என்ன? சிரித்தார், டீ குடித்தார், இவன் மறந்துவிட்டான். அதோடு முடித்துவிடலாம். சொல்ல வாயெடுத்தாள். தமிழ்மாறனின் குனிந்த தலையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இவனும் இப்படித்தான் ஒரு பாதியை மறைக்க ஆரம்பித்திருப்பான்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கலையரசி அழைத்தாள். "எங்கம்மா இருக்க? பதினோரு மிஸ்டு கால்! வீட்லயும் இல்ல, மில்லும் தொறக்கலன்னு சொல்றாங்க..."

"நல்லாத்தான் இருக்கேன். நீ மொதல்ல ஒக்காரு. ஒக்காந்துட்டியா? ஒருத்தரு பேசுவாரு, கேளு. நடுவுல போன வெக்காத."

போனை நீட்டும்போது தமிழ்மாறனிடம், "ஒண்ணு வுடாம சொல்லு. அவரு பஸ்ஸுக்கு அவசரப்பட்டது, எல்லாத்தையும்" என்றாள்.

அவர் எழுந்து நின்று சொன்னார். சொல்லும்போது அழுதார், ஆனால் நிறுத்தவில்லை. ராஜாம்பாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் என்ற சொல் வந்தது. கையெழுத்து என்ற சொல் வந்தது. முடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

காதில் வைத்தாள். கம்பெனி கேண்டீனில் தட்டுகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"கலை?"

ஒரு குரல் வந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் வரும் குரல்.

"அப்பா வரதா இருந்தாராம்மா?"

"ஆமாண்டி. பையெல்லாம் எடுத்து வச்சிட்டாராம்."

"எம்மேல கோவம் இல்லியா?"

"சிரிச்சாராம்டி."

அதற்குப் பிறகு மகள் அழுத அழுகையை ராஜாம்பாள் அதுவரை கேட்டதில்லை. சாவு வீட்டில்கூட அவள் இப்படி அழவில்லை. காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். இப்போது யாரோ பக்கத்தில் வந்து, "என்னாடி ஆச்சு, கலை?" என்று கேட்பதும், தண்ணீர் கொண்டுவரச் சொல்வதும் போனில் கேட்டது. ராஜாம்பாள் வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பூங்கா அலுவலர் சுமலதா இரண்டு வருஷத்துக்கு முன்புதான் அங்கே வந்தவர். ராஜாம்பாளும் தமிழ்மாறனும் தன் அறைக்குள் வந்து நின்ற விதத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். தமிழ்மாறன் எல்லாவற்றையும் இரண்டாம் முறை சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றார் சுமலதா. அங்கேயே மேஜையோரம் நின்றபடி தமிழ்மாறன் நான்கு பக்கம் எழுதினார். அந்தக் காகிதத்தால் பிறகு அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பழைய அறிக்கையை மாற்றி எழுத ஏழு மாதம் பிடித்தது. அவர் வீட்டிலிருந்து அவர் மனைவி ஒருமுறை போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். ராஜாம்பாள் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

அன்று அந்த அறையில் சுமலதா ராஜாம்பாளிடம், "வேற என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா" என்று கேட்டார்.

போர்டிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லத்தான் வந்திருந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"இனிமே ஒத்தை ஆளா யாரும் கூண்டுக்குள்ள போவக் கூடாது. பின் போட்டாச்சான்னு ரெண்டு பேரு பாக்கணும். அது ஒண்ணு போதும்."

சுமலதா எழுதிக்கொண்டார்.

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கலையரசி வெளியே காத்திருந்தாள். யூனிபார்ம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்கள் வீங்கி முகமே மாறியிருந்தது. இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள். அஜந்தா சிக்னல் தாண்டிய பிறகு கலையரசி கேட்டாள்:

"அல்லியப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"என்னா பண்ணிக்கினு இருந்துச்சு?"

"கால சப்பிக்கினு ஒக்காந்திருந்துச்சு."

மகள் தலையை ஆட்டினாள். கன்னத்தில் நேற்று அடித்த இடத்தை ராஜாம்பாள் பார்த்தாள். தடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் உள்ளங்கையை அங்கே வைத்தாள், ஆட்டோ குலுங்கும்போதும் எடுக்கவில்லை.

"எனக்கு அதப் புடிக்கல, கலை. இனிமேயும் புடிக்காது. அந்தப் பக்கம் நான் மறுபடி வர மாட்டேன்," என்றாள். "நீ போறதுன்னா போ. ஆனா ஓவர்டைம்னு சொல்லாத. சொல்லிட்டுப் போ."

"சரிம்மா."

"சாதம் கட்டித் தரேன்."

கலையரசி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆட்டோ முத்தியால்பேட்டைக்குள் திரும்பியது.